இணையத்தை நடத்துவது யார், நம் உரிமையை யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி இது: "இணையம் எல்லா நாட்டுக்கும் பொதுதானே, அப்படியானால் அதை நடத்துவதும் ஐநா மாதிரி ஒரு பொது அமைப்பிடம் இருக்க வேண்டாமா? இணையத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற உரிமைகள் என்று ஒரு சாசனம் வேண்டாமா?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். பொது நிர்வாகம் வேண்டும். அதில் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. அதைப் பிடுங்கி அரசுகள் மட்டும் உட்காருகிற ஒரு சபையிடம் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். உரிமைகளும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த உரிமை பறிபோனால் எந்தக் கதவைத் தட்டுவது, கதவுக்குப் பின்னால் இருப்பவர் எத்தனை நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுதாத சாசனத்தை நான் நம்புவதில்லை. பல வருடங்களாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன், இந்த விஷயத்தைக் கூடவே கவனித்து வந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் "இணையத்தை நடத்துவது" என்பதே ஒரு வேலை இல்லை. ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அது எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்வது ஒரு வேலை, அந்த எண்களை உலகத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. கடலுக்கடியில் கேபிள் போடுவதும், மாத ரீசார்ஜுக்கு டேட்டா கொடுப்பதும், அதன்மேல் ஃபேஸ்புக்கோ யூடியூப்போ நடத்துவதும் வேறு வேறு ஆட்கள் கையில் இருக்கின்றன. பாதிப் பேர் ஐநாவிடம் கொடுங்கள் என்று சொல்லும்போது மனதில் இருப்பது ஃபேஸ்புக், ஆனால் ஐநா பக்கம் இத்தனை வருடம் நடந்த சண்டையில் பெரும்பகுதி அந்த முதல் இரண்டு வேலைகளைப் பற்றியது, அதாவது பெயர்களும் எண்களும். ஃபேஸ்புக்கையும் இதையும் போட்டுக் குழப்பினால் விடை கிடைக்காது.

அந்தப் பெயர், எண் வேலையை ரொம்ப காலம் ஒரு மனிதர்தான் கவனித்துக்கொண்டார் என்றால் இன்று நம்புவது கஷ்டம். ஜான் போஸ்டல், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அமெரிக்க அரசின் ஒப்பந்தப் பணத்தில். பெயர்களின் தாய்ப்பட்டியலைத் தாங்குவது ரூட் சர்வர்கள். அவற்றில் எட்டை நடத்தியவர்களுக்கு 1998 ஜனவரியில் போஸ்டல் ஒரு மின்னஞ்சல் போட்டார்: இனிமேல் பட்டியலை அமெரிக்க அரசின் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து எடுக்காதீர்கள், என் பக்கத்துக் கணினியிலிருந்து எடுங்கள். அவர்களும் அப்படியே மாற்றினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அந்த மனிதர்மேல் இருந்த நம்பிக்கை, அவ்வளவுதான். அமெரிக்க அரசிடமிருந்து கோபமான அழைப்பு வந்ததும், இது ஒரு சோதனை என்று சொல்லி அவர் பழையபடி திருப்பிவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், இந்தப் பெயர், எண் வேலையை ஏற்க ஐகேன் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் கலிபோர்னியாவில் பதிவானது, அக்டோபரில் போஸ்டல் இறந்துபோனார்.

அதற்கப்புறமும் ஐகேனின் தலைக்குமேல் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தம் இருந்தது. ஒரே ஒரு நாட்டின் அரசு கடைசிக் கையெழுத்தை வைத்திருப்பது தப்பு என்று இந்தியா, பிரேசில் உட்பட பல நாடுகள் சொல்லிவந்தன. அமெரிக்க உளவு அமைப்பு உலகம் முழுக்க இணையத்தை வேவு பார்த்ததைக் காட்டி எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு அமெரிக்காவின் மேல் இருந்த நம்பிக்கை இன்னும் சரிந்தது. 2014 மார்ச்சில் அந்த ஒப்பந்தத்தைக் கைவிடப்போவதாக அமெரிக்கா அறிவித்தது, 2016 அக்டோபர் 1 அன்று அது முடிந்தும் போனது. கடைசி நேரத்தில் நான்கு அமெரிக்க மாநிலங்கள் தடை கேட்டு நீதிமன்றம் போயின, நீதிபதி தடை தரவில்லை. ஆக, பெயர்ப் பட்டியலின்மேல் இன்று எந்த ஒரு அரசுக்கும் தனி அதிகாரம் கிடையாது. நிறுவனங்கள், தொழில்நுட்பக்காரர்கள், அரசுகள், பயனர் அமைப்புகள் எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற ஏற்பாடு அது. குறை நிறைய உண்டு, ஆனாலும் வேலை செய்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாட்சி 2022. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே உக்ரைன் அரசு ஐகேனுக்குக் கடிதம் எழுதியது, ரஷ்யாவின் டாட் ஆர்யூ முகவரிகளை இணையத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்லி. குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டின் கோரிக்கை அது, படிக்கும் எவருக்கும் மனம் இளகும். ஐகேன் மறுத்துவிட்டது. நான் அந்த மறுப்பை ஆதரிக்கிறேன். அன்று எடுத்திருந்தால், போரை எதிர்த்து ரஷ்யாவுக்குள் எழுதிக்கொண்டிருந்தவர்களின் தளங்களும் சேர்ந்தே போயிருக்கும், அடுத்த போரில் அடுத்த நாடு அதே கடிதத்தோடு வரும். இதே முடிவை ஒரு ஐநா குழு எடுக்க வேண்டியிருந்தால் எத்தனை நாடுகள் எந்தப் பக்கம் கை தூக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்த ஏற்பாடு எங்கே தோற்றுப்போகப் பார்த்தது என்பதையும் சொல்லணும். டாட் ஆர்க் கதை.

டாட் ஆர்க் என்று முடியும் முகவரிகள் ஒரு கோடிக்கும் மேல். விக்கிப்பீடியா அதில்தான் இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்த்து. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிற மதுரைத் திட்டமும், ஈழத்துப் புத்தகங்கள், பத்திரிகைகள், துண்டறிக்கைகள் வரை சேர்த்துவைத்திருக்கிற நூலகம் தளமும் அதே டாட் ஆர்க் முகவரியில்தான் இருக்கின்றன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை மறக்காதவர்களுக்கு அந்தத் தளம் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த முகவரிகளைப் பராமரிக்கும் நிறுவனம் 2003 முதல் இன்டர்நெட் சொசைட்டி என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருந்தது. 2019 ஜூனில் டாட் ஆர்க் முகவரிகளுக்கான விலை உச்சவரம்பு நீக்கப்பட்டது, பொதுமக்கள் கருத்து பெருமளவில் எதிராக வந்தும். அதே ஆண்டு நவம்பரில், அந்த நிறுவனத்தையே ஈதோஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போகிறோம் என்று இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. ஈதோஸ் அதே ஆண்டு தொடங்கிய கம்பெனி. வாங்கும் பணத்தில் 36 கோடி டாலர் கடன், அந்தக் கடன் நம் பதிவுக் கட்டணத்திலிருந்துதான் அடைபட வேண்டும்.

அன்றைக்கு நான் உண்மையிலேயே பயந்தேன். பொது நன்மைக்காக என்று நாம் நம்பின ஓர் அமைப்பே, யாரையும் கேட்காமல், தன் பொறுப்பில் இருந்த பொதுச் சொத்தை விற்கத் தயாராக இருந்தது. தொண்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன, 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், விற்பனைக்கு ஒப்புதல் தர வேண்டிய ஐகேனின் அலுவலக வாசலிலேயே போராட்டம் நடந்தது. ஏப்ரலில் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் விற்பனைக்கு எதிராகக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் விற்பனைக்கு ஒப்புதல் மறுத்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. பொது எதிர்ப்பு முக்கியமாக இருந்தது, ஆனால் அந்த எதிர்ப்புக்குப் பல் கொடுத்தது ஐகேன் கலிபோர்னியாவில் பதிவான தொண்டு நிறுவனம் என்ற சாதாரணச் சட்ட உண்மை. அந்த மாநில அதிகாரிக்கு அதன்மேல் கண்காணிப்பு உரிமை இருந்தது. அதாவது ஒரு ஓட்டை இருந்தது, அந்த ஓட்டை வழியாக நியாயம் வந்தது. சென்னையிலோ வவுனியாவிலோ டாட் ஆர்க் முகவரி வைத்திருப்பவருக்கு அந்த ஓட்டையில் இடம் இல்லை. கலிபோர்னியாக்காரர் எழுதின கடிதம் நம்மையும் சேர்த்துக் காப்பாற்றியது நம் அதிர்ஷ்டம்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சின்ன வரலாறு வருகிறது. ஐகேன் வாரியத்துக்குச் சாதாரணப் பயனர்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட காலம் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு, ஐந்து கண்டப் பகுதிகளுக்கு ஐந்து இடங்கள், மின்னஞ்சல் முகவரியும் அஞ்சல் முகவரியும் இருந்தால் பதிவு செய்து இணையத்திலேயே வாக்களிக்கலாம். சுமார் 34,000 பேர் வாக்களித்தார்கள். ஐரோப்பாவில் ஜெர்மனியின் ஹேக்கர் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த ஆண்டி முல்லர் மகுன் ஜெயித்தார், வட அமெரிக்காவில் ஐகேனைக் கடுமையாக விமர்சித்துவந்த கார்ல் ஆவர்பாக். வாரியத்துக்குள் போன ஆவர்பாக், நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கக் கேட்டார். இழுத்தடித்தார்கள். ஓர் இயக்குநர், தான் இயக்குநராக இருக்கும் நிறுவனத்தின் ஏட்டைப் பார்க்க 2002இல் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, போய் ஜெயித்தார். அதே ஆண்டு ஐகேன் அந்த நேரடித் தேர்தல் முறையையே எடுத்துவிட்டது. பயனர்களுக்கு இப்போது அட்லார்ஜ் என்ற ஆலோசனைக் குழு இருக்கிறது, அதன் வழியாக வாரியத்தில் ஓர் இடமும் உண்டு.

தேர்தலை எடுத்தது தப்பு என்றே இன்னும் நினைக்கிறேன். எடுத்தவர்கள் சொன்ன காரணம் பொய் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆப்பிரிக்கா முழுவதற்கும் விழுந்த வாக்குகள் சில நூறுகளைத் தாண்டவில்லை, ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களை வரிசையில் நிறுத்தினாலே ஒரு கண்டத்தின் இடத்தைப் பிடித்துவிடலாம் என்ற நிலை. ஆனால் வாக்காளர் பட்டியல் சரியில்லை என்றால் பட்டியலைத் திருத்த வேண்டும். தேர்தலை நிறுத்திவிட்டு ஆலோசனை சொல்ல வாருங்கள் என்று அழைப்பது அதற்கு ஈடாகாது.

அப்படியானால் ஐநா ஏன் கூடாது என்று கேட்பீர்கள். அந்த முயற்சியும் நடந்தது. 2011இல் இந்தியாவே ஐநாவில் ஒரு யோசனையை வைத்தது, 50 நாட்டு அரசுகள் கொண்ட ஒரு குழு இணையக் கொள்கையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும். நம் நாட்டுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு எழுந்தது, பிறகு இந்தியா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 2012 டிசம்பரில் துபாயில் ஐநாவின் தொலைத்தொடர்பு ஒன்றியம் நடத்திய மாநாட்டில், இணையத்தில் அரசுகளுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியில் உலகம் இரண்டாகவே பிரிந்தது. 89 நாடுகள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இன்னும் பல நாடுகளும் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் அன்று கையெழுத்திடவில்லை. 2015இல், எல்லாத் தரப்பும் சேர்ந்து நடத்தும் முறைக்கே ஆதரவு என்று இந்தியா வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அரசுகள் மட்டும் இருக்கும் சபையை நான் ஏன் நம்பவில்லை என்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். சாதாரண மனிதனின் இணையத்தை ஊரோடு சேர்த்து அணைப்பது யார் என்று பார்த்தால் போதும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. வெளியூரில் இருந்தவர்கள் வீட்டில் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அந்த ஊர்க்காரரே படம் எடுத்துப் போட முடியாமல் போனது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் அணைத்தார்கள், 4ஜி திரும்பி வர 2021 பிப்ரவரி ஆனது, கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் 2ஜியில் பாடம் படித்தார்கள், டாக்டர்கள் 2ஜியில் சிகிச்சை வழிகாட்டிகளைத் தரவிறக்கினார்கள். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய முடக்கம் மாதக்கணக்கில் நீடித்தது. இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, மக்கள் தெருவுக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சமூக ஊடகங்களைத் தடுத்தார்கள், மனித உரிமை ஆணைக்குழு எந்த அதிகாரத்தில் செய்தீர்கள் என்று கேட்டது, அன்று பிற்பகலிலேயே தடை நீங்கியது. அந்த ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்க ஓர் அமைப்பு இருந்தது, அது கேட்டது, தடையும் ஒரு நாளைத் தாண்டவில்லை.

இப்படி அணைக்கிற கைகள்தான் ஐநா சபையிலும் தூக்கப்படப்போகின்றன. அதனால்தான் பொது நிர்வாகம் என்றால் அரசு, கம்பெனி, பயனர், தொழில்நுட்பக்காரர் நாலு பேரும் இருக்க வேண்டும், யாரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

பங்கேற்பு என்று வாயில் சொல்வது சுலபம், கையில் எப்படி இருக்கும் என்று காட்ட நம் மொழியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நீங்கள் இப்போது படிக்கும் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அதை முடிவு செய்வது கலிபோர்னியாவில் இருக்கும் யூனிகோடு கூட்டமைப்பு. கிரந்த எழுத்துகளுக்குத் தனி இடம் கேட்டு 2010இல் ஒரு முன்மொழிவு அங்கே போனது, மத்திய அரசின் வழியாகவும் ஒன்று போனது. அதில் எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழ் எழுத்துகளையும் கிரந்தத்தின் பட்டியலுக்குள் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். தமிழறிஞர்களும் கணித்தமிழ்க்காரர்களும் கொதித்தார்கள், தமிழ்நாடு அரசு அவசரமாக மத்திய அரசுக்கு எழுதியது, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014இல் யூனிகோடு 7.0இல் கிரந்தம் வந்தது, அந்தத் தமிழ் எழுத்துகள் இல்லாமல். எதிர்ப்பில் சொன்ன எல்லா வாதமும் சரி என்று நான் சொல்ல மாட்டேன், சிலது வெறும் பதற்றம். ஆனாலும் ஒரு மொழிக்காரர்கள் தங்கள் எழுத்தைப் பற்றிய முடிவில் தலையிட முடிந்தது, தொழில்நுட்பக் காரணம் கொடுத்து வாதாட முடிந்தது, கேட்கவும் பட்டார்கள். அது முடிந்ததற்குக் காரணம், அந்த முன்மொழிவுகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியில் இருந்தன, அவற்றைப் படித்து உரிய நேரத்தில் எச்சரிக்கக்கூடிய ஆட்கள் நம்மிடம் இருந்தார்கள். அந்த ஆட்கள் இல்லாத மொழிகளின் கதி என்ன? நான் பொது நிர்வாகம் வேண்டும் என்று சொல்லும்போது முதலில் நினைத்துக்கொள்வது அவர்களைத்தான்.

இனி உரிமைப் பக்கம். உலகப் பொதுவான அறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. நேரில் உள்ள அதே உரிமைகள் இணையத்திலும் உண்டு என்று ஐநா மனித உரிமைகள் பேரவை 2012இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. அதை மதிக்கிறேன், வழக்குப் போடும்போது மேற்கோள் காட்ட உதவுகிறது. ஆனால் என் அக்காவுக்கு அது உதவவில்லை.

அக்கா வீட்டிலேயே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். ஒரு சமூக ஊடகத்தில் ஆறு வருடம் பக்கம் நடத்தி, வாடிக்கையாளர் எல்லாரும் அதன் வழியாகத்தான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் கணக்கு பூட்டிக்கிடந்தது. விதிகளை மீறிவிட்டீர்கள் என்று ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம், ஒன்றும் இல்லை. படிவம் நிரப்பினோம், அடையாள அட்டை அனுப்பினோம், இயந்திரம் எழுதின பதில் நாலு தரம் வந்தது, நாலும் ஒரே பதில். முன்பணம் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அக்கா அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏழு வாரம் கழித்துக் கணக்கு தானாகத் திறந்தது. ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள், இரண்டுக்கும் காரணம் இன்றுவரை வரவில்லை.

இந்த இடத்தில் ஒருவருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: காரணம், ஒரு மனிதர், ஒரு கெடு தேதி. ஐரோப்பாவில் அதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கும் அவர்களின் டிஜிட்டல் சேவைச் சட்டப்படி, பதிவை நீக்கினாலோ கணக்கை முடக்கினாலோ தளம் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும், முறையீட்டை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது, அதிலும் திருப்தி இல்லை என்றால் வெளியே ஒரு தீர்வு அமைப்பிடம் போகலாம். இந்தியாவிலும் பாதி வழி வந்திருக்கிறோம். பெரிய தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், அந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே மனு போடலாம். 2023 ஜனவரியில் இந்தக் குழுக்களை அமைத்தார்கள். எங்களுக்கு அப்போது இது தெரியவே தெரியாது, தெரிந்திருந்தால் போட்டிருப்போம். இந்தக் குழுக்களில் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு: உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. ஒரு பிளவுஸ் கடைக்கு அதனால் பாதகமில்லை. அரசை விமர்சித்த பதிவு நீக்கப்பட்டவர் அதே அரசு நியமித்தவரிடம் நியாயம் கேட்கும் நிலைதான் சங்கடம். கதவு இருக்கிறது, உள்ளே உட்காருபவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றணும்.

நம் நீதிமன்றங்கள் கொடுத்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போட்ட அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்குள் வருகிறது என்றது, காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்றது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. அதற்குச் சில மாதம் முன்பே, 2019 செப்டம்பரில், விடுதியில் மாலை நேரத்தில் கைபேசியைக் கொடுக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடக்கம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. விடுதி அறையிலிருந்து கிளம்பிய அந்த வழக்கு, மாநாட்டு மேடைத் தீர்மானங்கள் பலவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உரிமையைக் கூட்டமாகக் கேட்டு வாங்கிய சம்பவமும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2015 மார்ச்சில் டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு கலந்தாய்வு அறிக்கை விட்டது, சில செயலிகளுக்குத் தனிக் கட்டணம், சில தளங்கள் இலவசம் என்றெல்லாம் தொலைபேசிக் கம்பெனிகள் வைத்துக்கொள்ளலாமா என்று. பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. (அனுப்பியவர்களின் முகவரியோடு சேர்த்து டிராய் அவற்றை அப்படியே தளத்தில் ஏற்றியது, உரிமை கேட்டவர்களின் அந்தரங்கமே போனது, அது பெரிய தவறு.) அந்த ஆண்டு டிசம்பரில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகப் பயனர்களையே டிராய்க்கு எழுதவைத்தது, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. ஏழைக்கு இலவசமாகக் கொஞ்சம் இணையம் கிடைப்பதைத் தடுக்கலாமா என்று என்னிடமே நண்பர்கள் சண்டை போட்டார்கள். என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான், எதைப் படிக்கலாம் என்று ஒரு கம்பெனி தேர்ந்தெடுத்துக் கொடுப்பதை இணையம் என்று ஏழையிடம் சொல்லக் கூடாது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அந்த மாதிரிப் பாரபட்சக் கட்டணங்களைத் தடை செய்தது. உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்று இந்தியப் பயனர்களிடம் தோற்ற நாள் அது. அங்கேயும் ஜெயிக்கவைத்தது ஒரு கதவுதான்: கருத்துச் சொல்லக் கடைசித் தேதி போட்ட ஓர் அறிக்கை, முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டிய ஓர் ஒழுங்குமுறை அமைப்பு.

ஆகவே உலகப் பொதுச் சாசனத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் நீளமாக எழுத மாட்டேன். வெளியிடப்பட்ட உத்தரவு இல்லாமல், கெடு இல்லாமல் யாருடைய இணைப்பையும் துண்டிக்கக் கூடாது. கணக்கை மூடினால் காரணம் சொல்லணும், மனிதர் ஒருவர் பதில் சொல்லணும், நான் போட்ட படமும் எழுத்தும் தொடர்பு விவரமும் என் கைக்குத் திரும்பி வரணும். முறையிடுவது என் மொழியில் முடிய வேண்டும், ஆங்கிலம் தெரியாததால் ஒருவர் நியாயம் கேட்க முடியாமல் போகக் கூடாது. டாட் ஆர்க் மாதிரிப் பொதுச் சொத்துகளைக் கைமாற்றும்போது அதில் குடியிருப்பவர்களின் ஒப்புதல் வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதட்டும், தன் நீதிமன்றம் கேட்கட்டும், உலக அமைப்பு அது நடக்கிறதா என்று பார்த்து ஊரறியச் சொல்லட்டும். உலகத்துக்கு ஒரே ஒரு நீதிமன்றம் என்றால் அது திருச்சிக்காரருக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் எட்டாத இடத்தில்தான் இருக்கும்.

கடைசியாக, நாம் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் முடக்க உத்தரவுகளை வெளியிடச் சொன்னது 2020இல். அதற்கப்புறம் 2021 டிசம்பரில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை, நாட்டில் எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது என்ற கணக்கையே தொலைத்தொடர்புத் துறையும் உள்துறை அமைச்சகமும் வைத்திருக்கவில்லை என்று குறிப்பிட்டது. அதனால் உங்கள் மாவட்டத்தில் எப்போதாவது இணையம் நிறுத்தப்பட்டிருந்தால், தமிழ்நாடாக இருந்தால் உள்துறைக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: உத்தரவின் நகல், தேதி, காரணம், அந்த உத்தரவு சரியா என்று பார்க்க வேண்டிய மறுஆய்வுக் குழு கூடின விவரம். நாலையும் தனித்தனிக் கேள்வியாகப் போடுங்கள், சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துவிடுவார்கள். பதில் 30 நாளில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனு எழுதும்போது சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், நான் வாசகத்தைப் பார்த்துத் தருகிறேன்.